மச்சுக்குக் கீழே ஒரு கட்டில்

வியாழக்கிழமை காலை முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தபோது ரோசெத் எஸ்காந்த் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஓர் அறை காலியாகியிருக்கிறது என்றார்கள். தோட்டத்துப் பக்கம். திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

"யாரு?" மாடியிலிருந்து கணவன் மர்சியாலின் குரல்.

"மருந்துக்கடை."

ஐம்பத்து சொச்சம் வருடத்தில் அவனிடம் அவள் பொய் சொன்னது குறைவு. சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவான். அன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மறுபடி கத்தியை எடுத்தாள்.

இரண்டு நாளில் சனிக்கிழமை. செப்டம்பரின் மூன்றாவது சனி. அந்தச் சனியும் ஞாயிறும், பழைய கட்டிடங்களை ஜனங்கள் வந்து பார்ப்பதற்காக, எங்கள் பக்கத்தில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். மடாலயம், நீதிமன்றம், பழைய எண்ணெய்ச் செக்கு, மற்ற நாளில் நாய் குரைக்கும் வீடுகள், எல்லாம். காசு கிடையாது. அது திராட்சை அறுவடையின் நடுவில் வந்து விழும். தோட்டத்தில் ஆள் போதாமல் கத்திக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, நீலப் பட்டை மாட்டிக்கொண்டு வழிகாட்ட ஆள் வேண்டும் என்று நகராட்சி வரும்.

எஸ்காந்த் வீட்டில் பார்க்க வேண்டியது படுக்கையறையின் மச்சு, தலைக்கு மேலிருக்கும் மரக்கூரை. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்கு அந்த அறையின் சுண்ணாம்புப் பூச்சு ஒரு மூலையில் பெயர்ந்து விழுந்தது. மேலே உத்தரங்கள் தெரிந்தன. உத்தரங்களுக்கு நடுவே சாய்த்துச் செருகிய சின்னச் சின்னப் பலகைகள். ரோசெத் ஏணி போட்டு ஏறி ஒரு பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். வர்ணத்தில் தீட்டிய ஒரு பன்றி தெரிந்தது. நின்றுகொண்டு, தோள்பட்டையில் காற்றடைத்த தோல்பையைத் தாங்கி, அதில் செருகிய குழலை ஊதும் பன்றி.

"மூடு" என்றான் மர்சியால். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிடலாம்."

எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். சுவரைச் சுரண்டும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். ஏதாவது தென்பட்டால், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன் அது மறுபடி பூச்சுக்குள் போய்விடும். விஷயம் வெளியே தெரிந்தால் அப்புறம் ஓர் ஆணி அடிக்கவும் அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும். எந்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் எந்தப் புனிதர் நிற்கிறார் என்பது கொத்தனார் கதாலாவுக்கு மட்டும் தெரியும். அவன் குடித்தால்கூடச் சொல்ல மாட்டான். அதனால்தான் எல்லோரும் அவனையே கூப்பிட்டார்கள்.

ரோசெத் மூடவில்லை. அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை பார்த்தாள். மறுநாள் தட்டு அடுக்கும்போது தலைமை ஆசிரியரிடம் பன்றியைப் பற்றிச் சொன்னாள். வேண்டுமென்று சொன்னாளா, வாய் தவறியா என்று பிறகு பலரும் கேட்டிருக்கிறார்கள். "பன்னி குழல் ஊதுது, அதை எப்படிச் சொல்லாம இருக்கறது?" என்பாள். வாரம் முடிவதற்குள் நர்போனிலிருந்து தொல்பொருள் துறை ஆட்கள் மூன்று பேர் விளக்கோடும் ஏணியோடும் வந்துவிட்டார்கள். ஐநூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். ஏதோ ஒரு வியாபாரியின் கூடமாக இருந்திருக்க வேண்டும். பூச்சு முழுவதும் இறங்கியது. கோழிகளுக்குப் பிரசங்கம் செய்யும் நரி, இரட்டை வால் கடற்கன்னி, குனிந்து பின்புறத்தைக் காட்டும் ஒருத்தன் என்று வரிசையாக வந்தார்கள். ஒழுகும் கூரையை மாற்ற அரசாங்கம் பாதிச் செலவு கொடுத்தது. பதிலுக்கு வருடத்தில் இந்த இரண்டு நாள் கதவைத் திறப்பதாகக் கையெழுத்து. எத்தனை வருடத்துக்கு என்று அவள் கேட்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் அவள் ஏணியில் ஏறுவாள். துணி படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாத்து இறகால் பலகை பலகையாகத் தூசி தட்டுவாள். பிறகு கட்டிலைப் பிரித்து வராந்தாவில் சாய்த்து, அலமாரியைப் பூட்டி, கழிவறைக்கு வழி கேட்பவர்களுக்காக ஒரு சீட்டு எழுதி ஒட்டுவாள். அந்த இரண்டு நாளும் மர்சியால் தோட்டத்துக்குப் போய்விடுவான். இருட்டிய பிறகு கையெல்லாம் பிசுபிசுவென்று வந்து கீழிருந்தே கேட்பான்: "உன் விருந்தாளிங்க போயாச்சா?"

"போயாச்சு."

"பன்னி இருக்கா?"

"இருக்கு."

"அதையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

இந்த வருடம் அவனால் எங்கும் போக முடியவில்லை. ஜனவரியில் மூளையில் ரத்தம் அடைத்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கூடவே ஏற்றி இறக்குகிற கட்டிலும் வந்தது. எங்கள் வீடுகளின் படி கல்லால் ஆனது, சங்கு மாதிரி சுற்றிக்கொண்டு ஏறும். கட்டில் அதில் நுழையவில்லை. கூட்டுறவு ஒயின் கிடங்கின் தூக்கு வண்டியைக் கொண்டுவந்து தெருவிலிருந்து ஜன்னல் வழியாக ஏற்றினோம். வேறு எந்த அறையிலும் அது கொள்ளாது. பன்றிக்கு நேர் கீழே அவன் படுத்தான். மர்சியாலைத் தீயணைப்பு ஆட்கள் நாற்காலியில் கட்டி, படி வழியாக மேலே தூக்கிச் சென்றார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ரோசெத் அன்றிலிருந்து அடுப்படியில் மடக்குக் கட்டிலில் தூங்கினாள். நர்ஸ் காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். மீதி இருபத்து சொச்சம் மணி நேரமும் ரோசெத்துடையது. அவளுக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன.

ஜூன் மாதமே நகராட்சிக்குப் போய், இந்த வருடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். நகராட்சியில் இந்த வேலையெல்லாம் பார்க்கிற கரீன், "நிச்சயமா மதாம், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள். அப்புறம் போன வருடத்து அட்டவணையையே தேதி மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். எஸ்காந்த் வீடு ஏழாம் எண்ணில் இருந்தது, படத்தோடு. வெள்ளிக்கிழமை கரீன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து நின்றாள். கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டிவிடலாம் என்றாள்.

மேலிருந்து மர்சியால் கேட்டுக்கொண்டிருந்தான். "வரட்டும்" என்றான்.

"நீ படுத்திருக்கியே" என்றாள் ரோசெத்.

"நான் எங்க போக? ஜன்னல் வழியா இறக்குவியா? வரட்டும். நான் கண்ணை மூடிக்கறேன்."

சனிக்கிழமை காலை முதல் கூட்டம் ஏறியது. எட்டு எட்டுப் பேராகத்தான் விடுவது வழக்கம். அன்று ஊரில் பாதிப் பேர் பழங்கால உடுப்பில் இருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் இரும்புக் கவசத்தில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். அஞ்சல்காரி கன்னியாஸ்திரீயாக இருந்தாள். மர்சியால் எந்த உடுப்பும் போடவில்லை. தலைக்குக் குளிருகிறது என்று கம்பளித் தொப்பி வைத்திருந்தான், போர்வை மார்பு வரை. பெசியேவிலிருந்து வந்த ஓர் அம்மாள் மச்சைப் பார்க்கவேயில்லை. கட்டிலுக்கு மேல் குனிந்தாள்.

"மெழுகுல செஞ்சிருக்காங்க" என்றாள் கணவனிடம். "சாகற நேரத்துல வியாபாரி. எவ்வளவு தத்ரூபம். இந்தக் கையைப் பாரேன், நரம்புகூட வச்சிருக்காங்க."

"தொடாதே" என்றான் கணவன்.

"லேசா."

"தொட்டா கடிப்பேன்" என்றான் மர்சியால்.

அவள் போட்ட கூச்சலில் கவசத்தோடு ரொட்டிக்கடைக்காரர் படியில் ஏறி, திருப்பத்தில் மாட்டிக்கொண்டார். அப்புறம் அந்த அறையில் எழுந்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டது. பதினோரு மணிக்குள் விஷயம் பரவிவிட்டது. ஏழாம் எண் வீட்டில் ஓர் ஆள் படுத்துக்கொண்டு பேசுகிறாராம். மடாலயத்தில் நின்ற வரிசை அப்படியே கலைந்து எங்கள் தெருவுக்கு வந்தது. மதியத்துக்கு அது குழாயடியைத் தாண்டி நின்றது.

மர்சியால் பேசினான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் சொல் மெதுவாகத்தான் வந்தது. அதுவே பொருத்தமாக இருந்தது. "ஐநூறு வருஷமா படுத்திருக்கேன். வாரிசுங்க சண்டை இன்னும் தீரல" என்றான். பின்புறத்தைக் காட்டுகிறவன் இப்போதைய மேயரின் மூதாதை என்றான், முகத்தை வைத்துச் சொல்வதாகச் சேர்த்துக்கொண்டான். நரியின் பிரசங்கம் என்ன என்று ஒருவர் கேட்டார். "கூட்டுறவுச் சங்கத்துல சேருங்கன்னு" என்றான்.

ரோசெத் ஏறினாள், இறங்கினாள். செருப்புக்கு மாட்டும் துணி உறைகளைக் கீழே வாங்கி மேலே கொடுத்தாள். இரண்டு கூட்டத்துக்கு நடுவே எல்லோரையும் வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தி, அவனைப் புரட்டி, துடைத்து, மறுபடி மல்லாத்தினாள். ஒரு முறை மூத்திரக் குடுவையை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு வரிசையைக் கடந்து போனாள். யாரோ அவளைப் படம் எடுத்தார்கள். நான்கு மணிக்குக் கதவோரம் நின்று அவன் பேசுவதைக் கேட்டாள். எட்டு மாதமாக அவளிடம் அவன் பேசியது சில சொற்கள்தான். தண்ணி. திருப்பு. ஜன்னலைச் சாத்து. இவ்வளவும் அவனுக்குள் இருந்திருக்கிறது. அவள் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு இறங்கினாள்.

இரவு துலூஸிலிருந்து மகள் ஒடில் கூப்பிட்டாள்.

"சொல்லிட்டியாம்மா?"

"நாளைக்கு."

"திங்கக்கிழமை மதியம் வரைக்கும்தான்."

"எனக்கு நாள் தெரியும்."

"நான் வேணா அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"நீ சொன்னா அவன் போனைத் தூக்கிப் போடுவான். புதுசு வாங்கணும். நானே சொல்றேன்."

அவள் ஒரு தட்டில் சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஏறினாள். நாளைக்கு வேறு தொப்பி வேண்டும், இதில் கண் மறைக்கிறது என்றான். சிவப்புத் தொப்பி எங்கே என்று கேட்டான். அலமாரியில் தேடி எடுத்து வைத்தாள். சொல்வதற்கு அது நல்ல நேரம். அவன் கரண்டி கரண்டியாகக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஞாயிறு மதியம் ஏறிய கூட்டத்தில் சொலான்ஜ் இருந்தாள். எங்கள் ஊர்க்காரிதான். முதியோர் இல்லத்தில் சலவை வேலை. நல்லவள், குரல் பெரிது.

"அட மர்சியால்! நீதானா அந்தப் பேசற பிணம்?" என்று கட்டில் காலைத் தட்டினாள். "நம்ம இடத்துக்கு வந்தும் இதே மாதிரி சிரிக்க வைக்கணும், ஆமா. தோட்டத்துப் பக்கம் ரூமாம்ல உனக்கு? அதிர்ஷ்டக்காரன். ஜன்னல் திரையைத் துவைச்சு வைக்கச் சொல்லியிருக்காங்க."

மர்சியால் ரோசெத்தைத் தேடினான். அவள் கதவில் நின்றிருந்தாள், கையில் துணி உறைகள். பார்த்தான். பிறகு தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சொலான்ஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். வேகமாக இறங்கிப் போனாள்.

மற்றவர்கள் காத்திருந்தார்கள். அடுத்து ஏறியவர்களும் காத்திருந்தார்கள். சிவப்புத் தொப்பி சுவரைப் பார்த்தே இருந்தது.

"பேசுவாருன்னு சொன்னாங்களே" என்றான் ஒருத்தன்.

"இடைவேளையா இருக்கும்."

"இதுக்கா ஒரு மணி நேரம் நின்னோம்?"

கீழே முணுமுணுப்பு கேட்டு கரீன் ஏறி வந்தாள். "என்னாச்சு மதாம்? முசியேவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இவங்களை இறக்கு. நான் சொல்றவரைக்கும் யாரையும் ஏத்தாதே" என்றாள் ரோசெத். கதவைச் சாத்தினாள்.

நாற்காலிகளை எல்லாம் வெளியே போட்டிருந்தார்கள். உட்கார இடமில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மருந்துக்கடை" என்றான் சுவரைப் பார்த்தபடி.

அவள் துணி உறைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"துணி துவைக்கறவளுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. எப்ப சொல்றதா இருந்தே? தீயணைப்புக்காரங்க என்னை நாற்காலில கட்டும்போதா?"

"நான் இன்னும் சரின்னு சொல்லல. ரூம் இருக்குன்னாங்க. யோசிக்கறேன்னேன்."

"யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"என்ன சொல்லப் போறே?"

கீழே குழாயடியில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். காத்திருக்கிறவர்களுக்காக இருக்கும். ரோசெத் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா போருக்குத் தப்பி ஸ்பெயினிலிருந்து மலை தாண்டி வந்தவர். முடியவில்லை என்று சொல்லக் கூடாது என்று பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் நூறு தட்டுக் கழுவிவிட்டு வந்து அறுவடைக்குப் போன நாட்களில்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

"என்னால முடியல மர்சியால்" என்றாள்.

அவன் திரும்ப நேரமானது. ஒரு பக்கம் வராது, மற்றப் பக்கத்தால் இழுத்துத் திரும்ப வேண்டும். அவள் கை கொடுத்தாள்.

"தெரியும்" என்றான். "நீ படி ஏறுறது கேக்கும். முன்னல்லாம் நிக்காம வருவே. இப்ப திருப்பத்துல நிக்கறே. மூச்சு வாங்கறே. அப்புறம் வர்றே. சூப்பு ஆறிப்போய் வருது."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா சூடு பண்ணறேன்னு மறுபடி இறங்குவே."

அவள் மூக்கைச் சிந்தினாள். "இந்த மச்சை விட்டுட்டு நீ எப்படி இருப்பேன்னு..."

"நானா?" அவன் குரல் உயர்ந்தது. "மூடுன்னு சொன்னது யாரு? அன்னிக்கே சொன்னேன். கதாலாகிட்ட ரெண்டு மூட்டை சுண்ணாம்பு, வேலை முடிஞ்சிருக்கும். எட்டு மாசமா என் மூஞ்சிக்கு நேரா ஊதிக்கிட்டிருக்கு இந்தப் பன்னி. கண்ணை மூடினாலும் தெரியுது. நேத்தும் இன்னிக்கும் ஜனங்க வந்தாங்க, நாலு மூஞ்சியைப் பார்த்தேன். மத்த நாள்ல யாரு வர்றா? நர்ஸு வர்றா, கடிகாரத்தைப் பார்க்கறா, போறா."

"நான் வரலையா?"

"நீ வர்றே. நீ வேலையா வர்றே."

அவள் போர்வை விளிம்பை இழுத்துச் சரி செய்தாள்.

"அந்த ரூம்ல மேல என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"வெள்ளை. ஏப்ரல்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன். வெறும் வெள்ளை. புகை வந்தா கத்துற டப்பா ஒண்ணு."

"ஏப்ரல்லயே பார்த்துட்டியா."

"பார்த்தேன்."

"வெள்ளை" என்றான். நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோலச் சொன்னான். "ஒண்ணு கேட்டுக்கோ. எனக்குப் போகப் பிடிக்கல. பிடிச்சுப் போறான்னு ஒடில்கிட்ட சொல்லாதே. ஊர்லயும் சொல்லாதே. நாளைக்குக் காலைல போனை எடுத்துக்கிட்டு இங்க மேல வா. என் பக்கத்துல நின்னு பேசு. நீ சரின்னு சொல்றதை நான் கேக்கணும்."

"சரி."

"இப்ப இல்ல. நாளைக்கு."

கதவு தட்டப்பட்டது. கரீன்தான். "மதாம், மன்னிக்கணும். தூறல் போடுது. இன்னும் ஒரு இருபது பேர் நிக்கறாங்க. போகச் சொல்லிடட்டுமா?"

ரோசெத் கணவனைப் பார்த்தாள்.

"ஏத்து" என்றான். "தொப்பியச் சரி பண்ணு. எச்சில் ஒழுகியிருக்கா பாரு."

துடைத்துவிட்டாள். தொப்பியை நேராக்கினாள். கதவைத் திறந்து விட்டுவிட்டுப் படியில் இறங்கினாள். திருப்பத்தில் வழக்கம்போல நின்றாள். அப்புறம் உட்கார்ந்தாள். கல் சில்லென்றிருந்தது. கீழிருந்து ஈரக் குடைகளின் சத்தம் ஏறி வந்தது. எழுந்து வழிவிடப் பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொருவராக, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று அவள் தோளை உரசிக்கொண்டு ஏறினார்கள்.

கடைசியாகக் கரீன் வந்தாள். "வரிசைல நிறைய பேர் கேக்கறாங்க மதாம். அடுத்த வருஷமும் முசியே இருப்பாரான்னு."

"இருக்க மாட்டான்" என்றாள் ரோசெத். "கட்டிலும் இருக்காது. எல்லாரும் தாராளமா நின்னு பார்க்கலாம்."

கரீன் அவளைச் சுற்றிக்கொண்டு மேலே போனாள்.

அறைக்குள் சலசலப்பு அடங்கியது. மர்சியாலின் குரல், இழுத்து, மெதுவாக: "வரும்போது படியில ஒருத்தி உக்காந்திருந்தாளே, பார்த்தீங்களா? என் பொண்டாட்டி. அவளுக்கும் ஐநூறு வயசுதான்."

சிரித்தார்கள். ரோசெத் காலணியின் வாரைத் தளர்த்திவிட்டு, அவர்கள் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்தாள். அதுவரை உட்கார்ந்திருக்கலாம்.